ஒரே மேஜையில் எட்டுப் பேர்

அத்தியாயம் 14

“எட்டுப் பேர் மேடம். நீங்களே எண்ணிப் பாருங்க” என்று ரிஜிஸ்டரை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார் விடுதி ரிசப்ஷனில் இருந்த நஞ்சுண்டசாமி.

சொர்ணலதா எண்ணினாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. எட்டுதான் வந்தது.

“நாங்க ஏழு பேருங்க. மாணிக்கவாசகம் சார் கொடுத்த கெஸ்ட் லெட்டர்லயும் ஏழுதான் இருக்கும், பாருங்க.”

“லெட்டர்ல ஏழுதான் மேடம். ஆமேலே, லெட்டர் வந்தப்புறம், ஒண்ணு சேர்ந்திருக்கு.” நஞ்சுண்டசாமி பேனா முனையால் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார்.

முதல் ஏழு பெயர்களும் டைப் அடித்திருந்தன. எட்டாவது மட்டும் நீல மையில் கையால் எழுதியிருந்தது. பசம்மா. வயது ஐம்பத்தெட்டு. உறவு என்ற கட்டம் காலி.

சொர்ணலதாவுக்குப் பசம்மா என்று யாரையும் தெரியாது. அவள் கணவன் பாலன் வீட்டில் அப்படி ஒரு பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிறந்த வீட்டிலும் இல்லை.

மைசூரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனுக்குப் பதினாறு வருஷமாக சூப்பர்வைசர் அவள். தினமும் நானூறு பேருக்குச் சாப்பாடு போடுகிறவள், ஒரே ஒரு சாப்பாட்டுக்கு இப்படித் திகைத்து நிற்போம் என்று கனவிலும் நினைத்ததில்லை.

இந்த ஏழு பேரை ஒரு கூரையின் கீழ் சேர்க்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? பாலனும் அவன் தம்பி ரவிக்குமாரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அம்மா நாச்சம்மாள் இறந்தபோது வந்த சண்டை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவளைப் பற்றிப் புனாவிலிருக்கும் தம்பிக்கு அண்ணன் ஒரு வரி தெரிவிக்கவில்லை. இறந்த பிறகுதான் தந்தி போனது. ரவி வந்து சேர்ந்தபோது சாம்பல்கூட ஆறிவிட்டிருந்தது. “மறந்துட்டேன்” என்றான் பாலன். அந்த ஒரு வார்த்தையோடு அண்ணன் தம்பி உறவு அறுந்தது.

உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று தம்பி சொன்னான். ஊர்ப் பக்கமே வர மாட்டேன் என்று அண்ணன் சொன்னான். ஹனூர் பக்கத்துக் கிராமத்தில் பட்டுப்பூச்சியும் மஞ்சளுமாகத் தனியே காலம் தள்ளிய மாமனார் சித்தையன், போன தை மாதம் பொறுமை இழந்து ஒரு வார்த்தை சொன்னார்.

“உங்க ரெண்டு பேரு வீடும் வேண்டாம், என்ற வீடும் வேண்டாம். யாரு வீடும் இல்லாத எடமாப் பாருங்க.”

அப்போதுதான் சொர்ணலதாவுக்கு பாலனின் மேனேஜர் மாணிக்கவாசகத்தின் டைம்ஷேர் ஞாபகம் வந்தது. சாமுண்டி மலைக்குப் பின்பக்கம், புதிதாக வந்த விடுதி. அங்கே ஒரு காட்டேஜ் வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் அவருக்குச் சொந்தம். இந்த மே மாதம் அவருக்கு வர முடியவில்லை. வாடகைக்குக் கேட்டாள், கொடுத்தார். ஓரகத்தி சௌம்யாவுக்கு இவளே புனாவுக்குக் கடிதம் போட்டாள். வருகிறோம் என்று மறு தபாலில் பதில் வந்தது.

காட்டேஜில் சமையலறை உண்டு. ஆனாலும் சொர்ணலதா உள்ளே ஒரு பாத்திரம்கூட வைக்கப் போவதில்லை. யார் சமைத்தார்கள், யார் பரிமாறினார்கள், யார் சாப்பிடாமல் எழுந்தார்கள் என்ற பேச்சே வரக் கூடாது. ஏழு பேருக்கும் சாப்பாட்டு பிளான் சேர்த்துவிடலாம், குழந்தைகளுக்காக வாட்டர் பார்க் டிக்கெட்டும் வாங்கிவிடலாம் என்றுதான் சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வந்து நின்றாள்.

“இதை யாரு எழுதினது?”

“நான்தான். திங்கட்கிழமை பெரியவர் ஒருத்தர் வந்திருந்தாரு. வேட்டி, தோள்ல பச்சைத் துண்டு. கூட அந்த அம்மாவும் வந்தாங்க. நான் இந்த வீட்டுப் பெரியவன், இன்னொரு பேரு சேர்க்கணும்னாரு. பணமும் கட்டிட்டாரு.”

பச்சைத் துண்டு என்றால் மாமனார்தான். கொள்ளேகாலம் பஸ் ஏறி மைசூர் வந்தவர், இங்கே வந்துவிட்டு, வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்பியிருக்கிறார். அதுவும் ஒரு பெண்மணியோடு.

மாமியார் போய் ஆறு வருஷம். அறுபத்தாறு வயதில் மனிதர் இப்படி ஒரு காரியம் செய்வாரா?

“மேடம், மொதல்ல உங்க பிளானைச் சொல்லிடுங்க. சி.பி.யா, எம்.ஏ.பி.யா, ஏ.பி.யா?”

“என்னது?”

“சி.பி.ன்னா காலை டிபன் மட்டும். எம்.ஏ.பி.ன்னா டிபனும் ஒரு வேளைச் சாப்பாடும். ஏ.பி.ன்னா மூணு வேளையும்.”

“தட்டுல என்ன விழும்னு சொல்லாம இங்கிலீஷ் எழுத்தாச் சொன்னா எப்படிங்க? டிபனும் ராத்திரிச் சாப்பாடும் போடுங்க. அந்த அம்மாவுக்கு என்ன எழுதியிருக்கு?”

“அவங்களுக்கு எந்த பிளானும் இல்லை. இன்னிக்கு ராத்திரி ஊட்டா ஒண்ணு மட்டும். பார்க் டிக்கெட் பேடா, வேண்டாம்னுட்டாரு பெரியவர்.”

சொர்ணலதா இன்னும் குழம்பினாள். புதுப் பெண்டாட்டி என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஏன் அனுப்புகிறார்? இல்லை என்றால் குடும்பம் ஒன்று கூடும் நாளில் அவளுக்கு எதற்குச் சாப்பாடு?

“இன்னும் ஒண்ணு சொன்னாரு” என்று நஞ்சுண்டசாமி குனிந்து படித்தார். “எட்டுப் பேருக்கும் ஒரே மேஜை. இது முக்கியம்னு ரெண்டு தடவை சொன்னாரு. எங்ககிட்ட ஆறு பேர் மேஜைதான். ரெண்டைச் சேர்த்துப் போடணும்.”

“சரி, பார்க் டிக்கெட்.”

“நாலு அடிக்கு மேல ஃபுல், கீழ ஆஃப். ரெண்டு பேர் சின்னவங்க இருக்காங்க. சோனியா?”

“என் மக. பதிமூணு வயசு. ஃபுல்தான்.”

“அஷ்வினி எத்தனை உயரம்?”

சொர்ணலதாவின் கொழுந்தன் மகளுக்கு ஆறு வயது. மாமியார் இறந்து ஐந்தாம் நாள் பிறந்தவள். ஒரு போட்டோகூட அவள் பார்த்ததில்லை. கையை இடுப்புக்கு நேரே வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் மேலே தூக்கினாள், மறுபடி இறக்கினாள்.

“தெரியலைங்க” என்றாள்.

நஞ்சுண்டசாமி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, “ஆஃப்னே போட்டுடறேன். ஜாஸ்தி இருந்தா அங்க பார்த்துக்கலாம்” என்றார். “ஆனா மேடம், பதினோரு மணிக்கு ராத்திரி லிஸ்ட் கிச்சனுக்குப் போயிடும். இந்த அம்மா என்ன உறவுன்னு எழுதணும். டைம்ஷேர் வீட்டுல குடும்பத்து ஆளுங்களுக்குத்தான் பிளான். இல்லேன்னா பேரை அடிச்சிடணும். லெட்டர் உங்க பேருல இருக்கு, நீங்கதான் கையெழுத்துப் போடணும்.”

மணி பத்தே முக்கால்.

“போன் பண்ணிக்கட்டுமா?”

பாலன் வேலை செய்யும் இடத்தில் டூல் ரூமுக்கு லைன் கிடைப்பதே பெரிய பாடு. எப்படியோ கிடைத்தது.

“ஏங்க, பசம்மா யாரு?”

மறுமுனையில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“கேக்குதா? உங்கப்பா இங்க வந்து லிஸ்ட்ல சேர்த்திருக்காரு. பசம்மான்னு…”

“அடிச்சிரு.”

“யாருன்னு சொல்லுங்க மொதல்ல.”

“யாருன்னெல்லாம் போன்ல கேக்காத சொர்ணா. அந்தப் பேரை அடிச்சிட்டு ஏழு பேருக்குக் கையெழுத்துப் போடு. ரவி வர்றப்ப அந்தம்மா அங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

போன் வைக்கப்பட்டது. பாலன் குரல் இப்படி நடுங்கி அவள் கேட்டதில்லை. அவனுக்கு அந்தப் பெண்மணியைத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தன்னிடம் மூச்சு விடவில்லை. அப்படியானால் தன் சந்தேகம் சரிதானா? அப்பாவின் காரியம் மகனுக்குத் தெரிந்து, மருமகளுக்கு மட்டும் மறைத்தார்களா?

நஞ்சுண்டசாமி பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கி அந்த நீல மைப் பெயரின் மேல் கொண்டுபோனாள். கோடு போடக் கை வரவில்லை. கேன்டீனில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. லிஸ்டில் ஏறிய பெயருக்கு இலை போட்டே தீருவாள். ஆள் வந்து சாப்பிடாமல் போனால் அது அவர்கள் பாடு. யாரோ ஒருவருக்கு இல்லை என்று அவள் கையால் எழுதியது கிடையாது. மாமனாரும் விளையாட்டுக்காக நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிற மனிதர் அல்ல.

உறவு என்ற கட்டத்தில் ‘அத்தை’ என்று எழுதினாள். எட்டுப் பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக் கூப்பன் புத்தகத்தையும் டிக்கெட்டுகளையும் கைப்பையில் திணித்துக்கொண்டு காட்டேஜுக்கு நடந்தாள்.

ஒன்றரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. சித்தையன் இறங்கினார். அவர் பின்னால் காடாத் துணிப் பையோடு, நெற்றியில் விபூதிப் பட்டையோடு, நல்ல உயரமாக ஒரு பெண்மணி இறங்கினாள்.

“அம்மணி, நல்லாருக்கியா?” என்று உள்ளே வந்த சித்தையன் சுவரைத் தட்டிப் பார்த்தார். “இந்த வீட்டுக்காரரு வருஷத்துல ஒரு வாரந்தான் வீட்டுக்காரரா? மிச்ச நாளெல்லாம் யாரு?”

“ஒவ்வொரு வாரத்துக்கும் ஒருத்தருங்க மாமா.”

“அப்ப ஓடு ஒடஞ்சா யாரு மாத்துவா?”

அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். சொர்ணலதாவுக்கு அந்த நேரத்தில் ஓட்டைப் பற்றிப் பேசப் பொறுமை இல்லை.

“மாமா, நேராவே கேட்டுடறனுங்க. தப்பா நினைக்காதீங்க. இவங்களக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?”

சித்தையன் அப்படியே நின்றுவிட்டார். முகம் கறுத்துச் சிவந்து மறுபடி கறுத்தது. பசம்மாவுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஐயோ சிவனே! எனக்கு மூணு பேரப் பிள்ளைங்க இருக்காங்கம்மா. இவருக்கு யாரு சமைச்சுப் போடறது?”

“என்ன பேச்சு பேசறெ நீ?” என்று சித்தையன் மருமகளைப் பார்த்து முனகினார். ஆனால் கோபப்படவில்லை. “இவிய கொள்ளேகாலத்து ஆஸ்பத்திரில ஆயாவா இருந்தவிய. உன்ற மாமியா கெடந்தப்ப பதினோரு நாளும் கூட இருந்து பாத்தவிய.”

சொர்ணலதாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் குழப்பம் தீரவில்லை. ஆஸ்பத்திரி ஆயா என்றால் பாலன் எதற்குப் பயப்பட வேண்டும்?

“இவங்க வரக் கூடாதுன்னு உங்க பையன் சொல்றாருங்க.”

“சொல்லுவான். ஏன்னு அவனுக்குத் தெரியும்” என்ற சித்தையன் துண்டை உதறித் தோளில் போட்டார். “பங்குனி மாசம் இவியளச் சந்தையில பாத்தேன். பசங்க ரெண்டு பேரும் சௌக்கியமான்னு கேட்டாங்க. பேச்சு வார்த்தையே இல்லீங்கன்னு சொன்னேன். அதுக்கு இவிய ஒண்ணு சொன்னாங்க பாரு, நான் சந்தை நடுவுல உக்காந்துட்டேன். அதை ரெண்டு பேரும் ஒரே மேஜையில இருக்கறப்பச் சொல்லட்டும்னுதான் கூட்டியாந்தேன். நான் சொன்னா பெரியவனுக்குப் பரிஞ்சு பேசறேம்பான் சின்னவன்.”

“என்ன சொன்னாங்க மாமா?”

“நீயே கேட்டுக்க.” அவர் பின்பக்கத்து மரத்தடிக்கு நடந்துவிட்டார்.

பசம்மா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“உங்க வீட்டுக்காரரு மறக்கலம்மா. ரெண்டாவது நாளே தந்தி எழுதி எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரு. உங்க மாமியார்தான் கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“ஏன்?”

“சின்ன மருமகளுக்கு மாசம் நெறஞ்சிருக்கு. முன்னாடி ரெண்டு தங்கலை. டாக்டரு படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தந்தி போனா மகன் அவளை ஒத்தையா விட்டுட்டு வருவான், இல்லே கூட்டிக்கிட்டு ரயில்ல வருவான். ரெண்டும் பேடா. பிள்ளை பொறக்கட்டும், ஆமேலே சொல்லுன்னாங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

சொர்ணலதா உட்கார்ந்தாள். அந்தப் பதினோரு நாளும் அவள் மைசூரில் இருந்தாள். சோனியாவுக்கு அம்மை போட்டிருந்தது. தம்பிக்குத் தந்தி கொடுத்திருப்பார் என்றே நினைத்திருந்தாள். இல்லை என்று தெரிந்தபோது எல்லாரையும் விட அதிகம் திட்டியது அவள்தான்.

அதற்குப் பிறகும் விட்டாளா? காஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்தால், சோனியாவின் பள்ளிக்கூடக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறந்தால், “பெத்த தாயையே மறந்த ஆளுதானே” என்று எத்தனை தடவை குத்திக் காட்டியிருப்பாள்! ஒரு தடவையாவது அவன் பதில் சொன்னதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

மூன்றரை மணிக்குப் பாலன் வந்தான். சோனியாவையும் ஸ்கூட்டரில் கூட்டி வந்திருந்தான். ஹாலில் உட்கார்ந்திருந்த பசம்மாவைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றான். ஒன்றும் பேசாமல் பின்பக்க வராந்தாவுக்குப் போனான். சொர்ணலதா பின்னாலேயே போனாள்.

“அடிக்கச் சொன்னேன்ல.”

“அடிக்கலை. எல்லாம் தெரிஞ்சு போச்சு.”

பாலன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

“எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது?” என்றாள் சொர்ணலதா. “ஆறு வருஷமா நான் என்னென்ன பேசியிருக்கேன்…”

“ஒருத்தருக்கும் சொல்லாதேன்னு அம்மா கேட்டுச்சு. ஒருத்தருக்கும்னா அதுல நீயும்தானே?”

அவனுக்கு அதில் எந்தச் சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் அவளை இன்னும் வாட்டியது.

“சரி, இப்ப அந்தம்மா சொல்லட்டுமே. உங்க பேருல இருக்கற பழி போகட்டும்.”

“போய்?” பாலன் திரும்பினான். “பழி எங்கிட்ட இருக்கற வரைக்கும் ரவிக்கு எம்மேல கோவம். அவ்வளவுதான். நாளைக்கு உண்மை தெரிஞ்சா? தன் பொண்டாட்டிக்காகத்தான் அம்மா மூஞ்சியப் பாக்க முடியாமப் போச்சுன்னு தோணும். அந்தப் புள்ளையப் பாக்கறப்பல்லாம் தோணும். சௌம்யாவுக்கு எப்படி இருக்கும்? யோசிச்சியா? நான் ஒருத்தன் கெட்டவனா இருந்துட்டுப் போறேன். ஆறு வருஷம் பழகிப் போச்சு.”

மாமனார் சொல்வது நியாயம். கணவன் சொல்வதும் நியாயம். காலையில் ஒரு பெயரை அடிப்பதா வேண்டாமா என்றுதான் குழம்பினாள். இப்போது, அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்குமோ என்று அவளுக்கே தோன்றியது.

அவள் பசம்மாவிடம் போனாள். பாலன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

பசம்மா துணிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “ஐயா கூப்பிட்டாரு, வந்தேன். உங்க மனசுக்கு பேடான்னா ஊட்டா முடிச்சுட்டு ஏழரை… இல்லே, எட்டரை பஸ்ஸுக்குப் போயிடறேன். ஆனா ஒண்ணு. இதுல இன்னொரு விஷயம் இருக்கும்மா. ஐயாவுக்கும் தெரியாது, உங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. நான் பண்ண வேலை அது.”

“என்ன வேலை?”

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

ஆறு வருஷத்தில் ரவிக்குமாருக்கு முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. அப்பா காலைத் தொட்டான். “நல்லாருக்கீங்களா அண்ணி?” என்று கேட்டான். வராந்தாவில் நின்ற அண்ணன் பக்கம் அவன் பார்வை போகவே இல்லை. ஒரு பெட்டியை இவன் தூக்க, இன்னொன்றை அவன் தூக்க, இருவரும் இரண்டு வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

அஷ்வினி தூக்கக் கலக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். பசம்மா குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டாள்.

“ஏன் கந்தா, ரயில்ல தூக்கம் வரலையா?”

கன்னடத்தில் குழந்தையைக் கொஞ்சும் வார்த்தை அது. அதைக் கேட்டதும் சௌம்யாவின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவித் தரையில் உருண்டது. அவள் பசம்மாவையே பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

“அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க” என்று சொர்ணலதாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“அவங்க யாருக்கா?”

“ஆஸ்பத்திரி ஆயா. அத்தை கூட இருந்தவங்க. ஏன்?”

சௌம்யா சுவரோடு சாய்ந்தாள். “அந்தக் குரல் எனக்குத் தெரியும். அன்னிக்கு எங்க வீட்டு ஓனர் போனுக்கு ஒரு கால் வந்துச்சு. ஓனரம்மா போனைக் கட்டில்கிட்டயே கொண்டாந்து கொடுத்தாங்க. கொள்ளேகாலத்துலேருந்து பேசறேன் கந்தா, உன் அத்தைக்கு உடம்பு ரொம்ப மோசம், உன் வீட்டுக்காரரை உடனே அனுப்புன்னு.”

சொர்ணலதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது நம்ப முடியவில்லை.

“தகவல் வந்துச்சா? எப்போ?”

“அத்தை போறதுக்கு மூணு நாள் முன்னாடி.”

“ரவிகிட்ட…”

“சொல்லலை.” சௌம்யா அழவில்லை. அழுது தீர்த்துவிட்ட விஷயத்தைச் சொல்வது போல் சொன்னாள். “ரெண்டு போயாச்சு அக்கா. எந்திரிச்சு நின்னா இதுவும் போயிடும்னாங்க. அந்த ஊர்ல எனக்குன்னு யாரு இருந்தா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். தந்தியே வந்துடுச்சு. அப்புறம் உங்க வீட்டுக்காரர் ‘மறந்துட்டேன்’னு பழியை எடுத்துக்கிட்டாரு. ஏன் எடுத்துக்கிட்டாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. ஆனா எனக்குச் சௌகரியமாப் போச்சு. வாயை மூடிக்கிட்டேன்.”

கூடத்தில் அஷ்வினியும் சோனியாவும் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது.

சொர்ணலதா அவளைத் திட்ட நினைத்தாள். அணைத்துக்கொள்ளவும் நினைத்தாள். இரண்டில் எது சரி என்று தெரியாமல் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவள் கையில் கொடுத்தாள். இந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றல்லவா பாலன் ஆறு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான்?

“அவர் ஏன் பழியை எடுத்துக்கிட்டாருன்னு எனக்குத் தெரியும்” என்றாள் சொர்ணலதா. நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை சௌம்யா தண்ணீரைக் குடிக்கவே இல்லை.

ஏழரை மணிக்கு டைனிங் ஹாலில் இரண்டு மேஜைகளைச் சேர்த்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒரு முனையில் சித்தையன். அவருக்கு வலது பக்கம் பாலன், இடது பக்கம் ரவி. அவர்தான் பிடிவாதமாக அப்படி உட்கார வைத்தார். இருவரும் தங்கள் தங்கள் தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். சப்பாத்தி வந்தது, தொட்டுக்கொள்ளக் காய்கறிச் சாகு வந்தது. யாரும் தொடவில்லை. குழந்தைகள் மட்டும் பார்க் டிக்கெட்டில் போட்டிருந்த சறுக்கு மரப் படத்தைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சித்தையன் தொண்டையைச் செருமினார்.

“இந்தம்மா ஒரு விஷயம் சொல்லுவாங்க. ரெண்டு பேரும் குறுக்க பேசாமக் கேக்கோணும்.”

“அப்பா, வேண்டாங்க” என்றான் பாலன்.

“நீ சும்மாரு. சொல்லுங்கம்மா.”

பசம்மா சொர்ணலதாவைப் பார்த்தாள். சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்டது அந்தப் பார்வை. சொர்ணலதாவுக்குத் தலையை எந்தப் பக்கம் அசைப்பது என்று தெரியவில்லை. பாலன் மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

அப்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சௌம்யா எழுந்து நின்றிருந்தாள்.

“சோனியா, பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் வெளியில ஊஞ்சல்ல உக்காந்திரு கண்ணு” என்றாள். குழந்தைகள் கதவைத் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள். “மாமா, அவங்க சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியது நான்.”

“சௌம்யா, உக்காரும்மா” என்றான் பாலன் அவசரமாக. “ஒண்ணும் இல்லை. நீ உக்காரு.”

“இல்லைங்க” என்று சௌம்யா பாலன் பக்கம் திரும்பினாள். “நீங்க எனக்காகச் சுமந்தது போதும்.”

சித்தையன் ஒன்றும் புரியாமல் பசம்மாவைப் பார்த்தார். பசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ரவிக்குமார் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அது அவனுக்குத் தெரியாத ஒரு முகமாக இருந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோது எது புரியாவிட்டாலும் யாரைத் திரும்பிப் பார்ப்பானோ, அந்தப் பக்கமே அவன் கழுத்து தானாகத் திரும்பியது.

“என்னண்ணா இது?” என்றான்.

ஆறு வருஷம் கழித்துத் தம்பி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. பாலன் எழுந்து மேஜையைச் சுற்றிப் போய்த் தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான்.